அந்தியில் தொடங்கிய கதை
வாவிக்கரை வரலாறு – 17

மட்டக்களப்பில் ஒருவரிடம் எந்த ஊர் என்று விசாரித்தால், ஊர்ப்பெயருக்கு முன்னே கரைதான் வரும். வாவிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிக் கிடப்பது எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் படும் கரை. இரண்டுக்கும் நடுவே பங்குடாவெளியிலிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. இன்றைய பகுதி முழுவதிலும் இந்த இரண்டு கரைகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற பகுதியை வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். 1813 ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மெதடிஸ்த குழுவில் அவரும் ஒருவர். குழுவின் தலைவர் தோமஸ் கோக் 1814 மே 3 ஆம் திகதி இந்து சமுத்திரத்தின் நடுவே இறந்தார். அவரைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். அதே பயணத்தில் ஓல்டின் மனைவியும் இறந்துபோனார். யூன் 29 இல் காலியில் கரையிறங்கியவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தபோது, மட்டக்களப்புக்கு என்று குறிக்கப்பட்டவர் ஓல்ட் ஒருவர்தான். அவ்வாண்டின் பிற்பாதியில் மட்டக்களப்பின் புளியந்தீவுக்கு வந்து, தமிழ் படிக்கத் தொடங்கி, பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1 ஆம் திகதி இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். ஓராண்டுகூட அவர் இங்கே இருக்கவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814 இலிருந்தே எண்ணுகிறது. வாவியோரத்தில் அவருடைய சிலை நிற்கிறது.

மனைவியையும் தலைவரையும் கடலுக்குக் கொடுத்த பிறகும் அந்த மனிதர் திரும்பிப் போகவில்லை. அவரை இங்கே பிடித்து நிறுத்தியது அவர் கையிலிருந்த வேதாகமம். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல், அவர் தொடங்கிய பள்ளிகளின் கதையை நான் எழுதிக்கொண்டு போனால், விதையைக் காட்டாமல் விளைச்சலைக் கணக்குப் பார்த்ததாக முடியும். ஆகவே இந்தப் பகுதியில் அந்த நூலின் கதையையே சொல்கிறேன். நான் வேதக்காரர் வீட்டுப் பிள்ளை. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அம்மம்மாவின் வாயால் இதைக் கேட்டு வளர்ந்தவன். அந்தக் கண்ணோடுதான் சொல்கிறேன்.

பல கப்பல்கள், ஒரு நூல்

இந்த நூல் ஓல்டோடுதான் முதன்முதல் இங்கே வந்தது என்று நினைக்க வேண்டாம். 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியபோது அவர்களோடு கத்தோலிக்க வழிபாடும் வந்தது. போர்த்துக்கேய மொழியைத் தங்கள் வழியில் பேசிவரும் பறங்கியர் குடும்பங்கள் இன்றும் நம்மோடு வாழ்கின்றன. 1638 இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கைகோத்த ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. உத்தியோகம் வேண்டியவர்கள் சீர்திருத்தச் சபையில் பெயர் பதிய வேண்டியிருந்தது. பதிவேட்டில் கிறிஸ்தவராகவும் வீட்டில் வேறாகவும் வாழ்ந்தவர்கள் பலர்.

பீரங்கியும் வேதமும் ஒரே கப்பலில் வந்தன என்பதை ஒரு கிறிஸ்தவனாக நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த நூலைத் திறந்து படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அதன் கதையில் கடவுள் கோட்டைக்காரர் பக்கத்தில் நிற்பவர் அல்ல. கோட்டைக்குக் கல் சுமந்தவர்களின் பக்கத்தில் நிற்பவர்.

தமிழில் அது வந்து சேர்ந்த வழியும் நீளமானது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715 இல் அச்சாகி முடிந்தது. இலங்கைத் தமிழரான பிலிப்பு த மெல்லோவின் புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சேறியது. அதே நூற்றாண்டில் பப்ரிசியசு தன் வாழ்நாளின் பெரும் பகுதியை இந்த வேலைக்கே கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் மேற்கொண்ட மொழிபெயர்ப்புக்குத் தமிழ் கொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அந்தப் பதிப்பு 1850 இல் வெளிவந்தது. சைவத்துக்காகத் தன் வாழ்வையே கொடுத்த ஒரு பெரியவரின் தமிழ் கிறிஸ்தவர்களின் வேதத்துக்குள்ளும் ஓடுகிறது. நமது வரலாற்றில் நான் நன்றியோடு நினைக்கும் செய்திகளில் அதுவும் ஒன்று.

கத்தோலிக்கர் பக்கத்தில், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் ஒல்லாந்தரின் தடைக்காலத்திலேயே ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதினார். எழுத்து அறியாதவர்களும் தவக்காலத்தில் அதைக் காதால் கேட்டு, கிறிஸ்துவின் பாடுகளை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

நூல் என்று ஒருமையில் சொன்னாலும் உண்மையில் அது நூல்களின் கூடு. சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் 66 நூல்கள், கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 73. எபிரேயம், அரமேயம், கிரேக்கம் என மூன்று மொழிகளில், பல நூற்றாண்டுகளாக, மேய்ப்பரும் அரசரும் மீனவரும் கைதிகளும் எழுதியவை. சட்டம், பாட்டு, பழமொழி, கடிதம், புலம்பல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அத்தனையையும் ஒரே நரம்பில் கோத்திருக்கும் கதை ஒன்று இருக்கிறது.

படுவான்கரை

அந்தக் கதை நாளை எண்ணும் விதமே வேறு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளும் மாலையில் தொடங்கிக் காலைக்குப் போகிறது. யூதர்களுக்கு இன்றைக்கும் பொழுது பட்டால்தான் அடுத்த நாள் பிறக்கும். நமது பேச்சில் சொன்னால், அந்த நாள் படுவான்கரையில் தொடங்கி எழுவான்கரையில் முடிகிறது. முதலில் இருள், பிறகு வெளிச்சம். வேதாகமம் முழுவதும் இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கடவுள் உலகை உண்டாக்கி, நன்றாக இருக்கிறது என்று மகிழ்கிறார். மனிதனையும் மனுசியையும் ஒரு தோட்டத்தில் வைக்கிறார். அவர்கள் அவரை நம்பாமல், தங்களுக்குத் தாங்களே நன்மை தீமையைத் தீர்மானிக்கக் கையை நீட்டுகிறார்கள். உடனே அவர்களுக்கு வருவது வெட்கம். மரங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்கிறார்கள். அந்த அந்தியில் கடவுள் தோட்டத்தில் நடந்து வந்து, எங்கே இருக்கிறாய் என்று மனிதனைத் தேடிக் கூப்பிடுகிறார்.

அம்மம்மா இந்த இடத்தில் எப்போதும் கதையை நிறுத்துவா. “பாத்தியா மனே, மனிசன் கடவுளைத் தேடேல்ல. கடவுள்தான் மனிசனைத் தேடி வந்தவர். மிச்சக் கதை எல்லாம் அந்தத் தேடல்தான்” என்பா. பிறகு நான் படித்த எத்தனையோ இறையியல் நூல்களில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தோட்டத்துக்கு வெளியே இருள் கூடுகிறது. அண்ணன் தம்பியைக் கொல்கிறான். வெள்ளம் உலகை மூடுகிறது. பாபேலில் மனிதர் வானத்தைத் தொடக் கோபுரம் கட்டி, ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காமல் சிதறிப்போகிறார்கள். அப்போது கடவுள் ஒரு குடும்பத்தைக் கூப்பிடுகிறார். வயதுபோன ஆபிரகாமும் பிள்ளையில்லாத சாராளும் ஊரையும் உறவையும் விட்டுப் புறப்படுகிறார்கள். அவர்கள் வழியாகப் பூமியின் எல்லாக் குடும்பங்களும் ஆசி பெறும் என்பது வாக்கு. எல்லாக் குடும்பங்களும் என்ற அந்தச் சொல்லை மறந்தவர்கள்தான் பிற்காலத்தில் மதத்தின் பெயரால் வேலி போட்டார்கள்.

பஞ்சம் அந்தக் குடும்பத்தை எகிப்துக்குக் கொண்டுபோகிறது. பிழைக்கப் போனவர்கள் அங்கே அடிமைகளாகிச் செங்கல் அறுக்கிறார்கள். அவர்களுடைய கூக்குரலைக் கேட்ட கடவுள் மோசேயை அனுப்புகிறார். முன்னே கடல், பின்னே பார்வோனின் படை. கடல் வழிவிடுகிறது, மறுகரையில் பெண்கள் தம்பட்டம் அடித்துப் பாடுகிறார்கள். பிறகு சீனாய் மலையில் அவர்களுக்குச் சட்டம் கொடுக்கப்படுகிறது. விடுதலை கொடுத்துவிட்டுத்தான் சட்டம் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டளைகளைக் காப்பாற்றியதற்குக் கூலியாக விடுதலை வரவில்லை.

நாட்டுக்குள் வந்த பிறகும் சோதனை தீரவில்லை. அவர்கள் அரசன் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். தாவீது பாடுகிறான், ஆள்கிறான், பெரும் பாவமும் செய்கிறான். அவன் மகன் சாலொமோன் ஆலயம் கட்டுகிறான். அதற்குப் பின் இராச்சியம் இரண்டாகப் பிளக்கிறது. கி.மு. 722 அளவில் வட நாடு அசீரியரிடம் விழுகிறது. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை எரித்து, ஆலயத்தை இடித்து, மக்களைச் சிறைப்படுத்திக் கொண்டுபோகிறார்கள். அயல் நாட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து, இசைக்கருவிகளை மரத்தில் தொங்கவிட்டு, ஊரை நினைத்து அழுதவர்களின் பாட்டு ஒன்று சங்கீதங்களில் இருக்கிறது.

அந்தச் சங்கீதத்துக்கு நம் ஊரில் விளக்கம் தேவைப்படவில்லை. 2007 இல் படுவான்கரையிலிருந்து பல்லாயிரம் பேர் பாயும் பானையும் பிள்ளைகளுமாக வாவியைக் கடந்து வந்து எழுவான்கரை முகாம்களில் தங்கினார்கள். இடம்பெயர்ந்தவர்கள் எழுதிய நூலை இடம்பெயர்ந்தவர்கள் கூடாரத்துக்குள் இருந்து வாசித்தார்கள். பாரசீக அரசன் கோரேசு கி.மு. 538 அளவில் கைதிகளை ஊர் திரும்ப விட்டான் என்று வாசித்தபோது, அவர்கள் மனம் எங்கே போயிருக்கும் என்று நமக்குத் தெரியும்.

திரும்பி வந்தவர்கள் ஆலயத்தை மறுபடி கட்டினார்கள். ஆனால் இழந்த பழைய மகிமை வரவில்லை. வல்லரசுகள் மாறி மாறி ஆண்டன. தீர்க்கதரிசிகள் சொன்ன மீட்பர் எப்போது வருவார் என்ற கேள்வியோடு பழைய ஏற்பாடு முடிகிறது. இருட்டு அப்போதும் விலகவில்லை.

அக்கரைக்குப் போகிறவர்

மீட்பர் அரண்மனையில் பிறக்கவில்லை. உரோமைப் பேரரசு குடிசனக் கணக்கு எடுத்த காலத்தில், வழியில் நின்ற ஒரு குடும்பத்துக்குப் பிறந்து, மாட்டுத் தொட்டிலில் கிடத்தப்பட்டார். வளர்ந்து வேலையைத் தொடங்கிய இடம் ஒரு நீர்நிலையின் கரை. கலிலேயாக் கடல் என்று பெயர் இருந்தாலும் அது நன்னீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர். நமது வாவியின் பாதி நீளம்கூட இல்லை. அவர் முதலில் கூப்பிட்ட பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நால்வரும் வலைக்காரர். வலை கழுவுவதும், கிழிந்ததைப் பொத்துவதும், இரவெல்லாம் வீசி வெறும் தோணியோடு கரைக்கு வருவதும் நற்செய்தி நூல்களில் இருக்கின்றன. கல்லடியிலோ நாவலடியிலோ பிறந்த பிள்ளைக்கு இதற்குப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

அந்த ஏரிக்கும் இரண்டு கரை இருந்தது. இந்தக் கரையில் யூதர். அந்தக் கரையில் பெரும்பாலும் புற இனத்தவர். ஒரு மாலை இயேசு சீடர்களிடம் அக்கரைக்குப் போவோம் என்கிறார். பொழுதுபட்ட நேரம். வழியில் புயல் அடிக்கிறது. தோணி நீரால் நிரம்புகிறது. அவரோ பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். எழுப்பியதும் காற்றை அதட்டுகிறார், அமைதி உண்டாகிறது. மறுகரையில் அவரைச் சந்திப்பவன், கல்லறைகளுக்கு நடுவே சங்கிலியை அறுத்துக்கொண்டு அலைந்த ஒரு மனிதன். ஊர் ஒதுக்கிய அந்த ஒருவனுக்காகத்தான் அவர் இரவில் புயலைக் கடந்தார். தோட்டத்தில் எங்கே இருக்கிறாய் என்று தேடியவர் இங்கேயும் தேடுகிறார். இம்முறை தோணியில் வருகிறார்.

அவர் தொழுநோயாளரைத் தொட்டார். வரி வாங்குபவரோடு சாப்பிட்டார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அவர் கதைகளில் மேய்ப்பன் தொலைந்த ஒரு ஆட்டைத் தேடிப் போகிறான். தகப்பன் சீரழிந்து திரும்பும் மகனைக் கண்டு ஓடுகிறான். ஒதுக்கி வைத்துத்தான் ஒழுங்கைக் காக்கலாம் என்று நம்பிய பெரியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. கூடவே இருந்தவன் காட்டிக்கொடுத்தான். நெருங்கிய நண்பன் பேதுரு, முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, அவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னான். உரோமையர் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள். நடுப்பகலில் நாடு இருண்டது.

முகத்துவாரம்

சிலுவையில் அவர் உயிர்விட்ட நேரத்தில், ஆலயத்தின் உள்ளிடத்தை மறைத்திருந்த திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று நற்செய்தி சொல்கிறது. இதன் பொருளை எனக்கு விளக்கியது பாலமீன்மடு முகத்துவாரம். கோடையில் அங்கே மணல் மேடு எழும்பி வாவியைக் கடலிலிருந்து அடைத்துவிடும். ஒரு கையளவு தூரத்தில் கடல் இருந்தும் வாவி தனித்துக் கிடக்கும். மாரியில் மழை வெள்ளம் பெருகி, ஊர்களும் வயல்களும் மூழ்கும் நிலை வரும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். மணல் உடைந்ததும் வாவியும் கடலும் ஒன்றோடொன்று சேரும். சேறும் குப்பையும் வெளியே போகும். மீனும் இறாலும் உள்ளே வரும்.

கிறிஸ்தவர் சிலுவையைப் பற்றிச் சொல்வது இதைத்தான். மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே நம் பாவத்தால் எழும்பிய மேட்டை வெட்டியவர் கடவுளே, வெட்டுப்பட்டதும் அவரே. மூன்றாம் நாள், வாரத்தின் முதல் நாள், இன்னும் இருட்டாக இருக்கும்போது, அவரைப் பின்பற்றிய மரியாள் கல்லறைக்குப் போனாள். கல் புரட்டப்பட்டிருந்தது. உயிர்த்தெழுந்தவரை அவள் முதலில் தோட்டக்காரர் என்று நினைத்தாள். தோட்டத்தில் தொலைந்த கதை தோட்டத்திலேயே மறுபடி பிடிபடுகிறது.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் நமது ஊர் அதிகாரம். பேதுருவும் கூட்டாளிகளும் பழையபடி மீன்பிடிக்கப் போகிறார்கள். இரவு முழுவதும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியும் நேரத்தில் கரையில் ஒருவர் நின்று, வலையை வலப்பக்கம் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள். கரைக்கு வந்தால், கரிநெருப்பில் மீனும் அப்பமும் காத்திருக்கின்றன. கரிநெருப்பு என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இரண்டு இடங்களில்தான் வருகிறது. ஒன்று பேதுரு மறுதலித்த முற்றத்தில்; மற்றது இந்தக் கரையில். அந்த நெருப்பருகே மூன்று முறை மறுத்தவனிடம், இந்த நெருப்பருகே மூன்று முறை, என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். ஏன் மறுத்தாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

பிறகு பெந்தெகொஸ்தே. பாபேலில் சிதறிய மொழிகள் எருசலேமில் ஒரே செய்தியைப் பேசுகின்றன. அங்கிருந்து அது திருத்தூதர் பவுலோடு கப்பலேறுகிறது; புயலிலும் சிறையிலும் பயணம் செய்கிறது. கடைசி நூலான வெளிப்படுத்தலில் ஒரு நகரம் வருகிறது. அதன் நடுவே ஆறு. ஆற்றோரம் எல்லா இனங்களுக்கும் மருந்தாகும் இலைகளைக் கொண்ட மரம். கடவுள் மனிதரோடு குடியிருந்து அவர்கள் கண்ணீரைத் துடைக்கிறார். அங்கே இரவு இல்லை. அந்தியில் தொடங்கிய நாள் அங்கே விடிகிறது.

எழுவான்கரை

இது முடிந்த கதை என்று நம் கரையில் யாரும் சொல்ல முடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் வீடுகளும் தென்னைகளும் சரிந்தன. 1990 ஓகஸ்ட் மாதம், புனித மைக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகள், தன்னோடு வந்த இளைஞரோடு வழியில் காணாமற்போனார். இருவரும் திரும்பவே இல்லை. 2004 டிசம்பர் 26 நத்தாருக்கு மறுநாள் காலை. கடல் நாவலடியையும் டச்பாரையும் கல்லடியையும் அள்ளியது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றது. வேதக்காரர், சைவர், இசுலாமியர் என்று அலை பிரித்துப் பார்க்கவில்லை.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்து நின்ற பிள்ளைகளுக்கு நடுவே குண்டு வெடித்தது. சிறுவர்களும் அடங்கச் சுமார் 30 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். கல்லறை வெறுமையாக இருக்கிறது என்று பாடும் நாளில் நாம் கல்லறைகளை நிரப்பினோம். அந்த வாரம் நான் எந்த விளக்கத்தையும் எழுதவில்லை. இன்றும் என்னிடம் விளக்கம் இல்லை. ஆனால் பிள்ளைகளைப் புதைத்த தாய் தகப்பன்மார் அடுத்த ஞாயிறுகளிலும் வழிபாட்டுக்கு வந்தார்கள் என்பதும், பழிவாங்கலைக் கேட்காமல் மன்னிப்பைச் சொன்னவர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள் என்பதும் வரலாறு. வரலாற்றை எழுதுகிறவன் அதையும் எழுதியாக வேண்டும்.

ஓல்ட் பாதிரியார் கொண்டுவந்த கதை அவரோடு புதைந்துபோகாததன் காரணம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது. நல்ல காலத்துக்கு மட்டும் உதவும் கதையாக இருந்திருந்தால் அது சூறாவளியிலேயே போயிருக்கும். இருட்டைத் தாண்டிக் குதிக்காமல், இருட்டுக்குள்ளேயே தோணி விட்டு வருகிற ஒருவரைப் பற்றிய கதை என்பதால்தான் அது இந்தக் கரையில் நிற்கிறது.

ஒரு அதிகாலையில் கல்லடிப் பாலத்தில் நின்று பாருங்கள். படுவான்கரைப் பக்கம் இன்னும் கறுப்பாக இருக்கும். வாவியில் ஒன்றிரண்டு தோணிகளின் விளக்கு தெரியும். இரவு முழுக்க வலை போட்டவர்கள் கரைக்கு வந்துகொண்டிருப்பார்கள். எழுவான்கரையில் யாரோ விறகு மூட்டி, தேநீருக்குத் தண்ணீர் வைத்திருப்பார்கள். என் அம்மம்மா அந்தப் புகையைக் காட்டி, “அங்க பார் மனே, ஆரோ எங்களுக்காக முன்னமே எழும்பிட்டாங்க” என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

அடுத்த பகுதியில், 1892 இல் காரைதீவில் பிறந்து, இந்தக் கதை ஒலித்த வகுப்பறைகளில் படித்து, பிற்காலத்தில் விபுலாநந்த அடிகளாக எழுந்த மயில்வாகனன் என்ற சிறுவனைச் சந்திப்போம்.

(தொடரும்)